மூச்சையும் நாடியையும் ஆளும் மூளைத்தண்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒருவருக்கு "மூளைத்தண்டில் பாதிப்பு" என்று மருத்துவர் சொன்னதும் வரும் கேள்விகள், உறக்கத்தில் மூச்சு நிற்பவர்கள் கேட்பவை, உடலியல் படிக்கும் மாணவர்களுக்கு இடறுபவை எல்லாம் இங்கே சேர்ந்திருக்கின்றன. பாடப்புத்தகங்கள் மூச்சை ஒரு பாடத்திலும் இதயத்தை இன்னொரு பாடத்திலும் வைக்கின்றன. மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தில் அப்படி ஒரு சுவர் கிடையாது. இரண்டையும் ஒரே நரம்புப் பின்னல் நடத்துகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் கீழே உள்ள பல பதில்கள் தாமாகவே விளங்கும்.

மூளைத்தண்டு எங்கே இருக்கிறது?

பெருமூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் பகுதி அது. மேலிருந்து கீழாக நடுமூளை, பான்ஸ், முகுளம் என மூன்று பகுதிகள். மொத்த நீளம் ஏறத்தாழ 7 அல்லது 8 செ.மீ. 12 ஜோடி மண்டை நரம்புகளில் 10 ஜோடி இங்கிருந்துதான் புறப்படுகின்றன. மூளையிலிருந்து கைகால்களுக்குப் போகும் கட்டளைகளும், உடலிலிருந்து மேலே வரும் உணர்வுச் செய்திகளும் இந்தக் குறுகிய இடத்தைக் கடந்தே ஆக வேண்டும். அதனால் பெருமூளையில் ஒருவர் தாங்கிக்கொள்ளும் அளவு சேதம் இங்கே ஏற்பட்டால் உயிருக்கே ஆபத்தாகிறது.

மூச்சை நடத்துவது இந்த இடம்தான் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பிரெஞ்சு மருத்துவர் லெகல்வா 1812இல் வெளியிட்ட சோதனைகள்தான் தொடக்கம். முயலின் மூளையை முன்னிருந்து பின்னாகச் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டே வந்தார். பெருமூளை போன பிறகும் மூச்சு ஓடியது. சிறுமூளை போன பிறகும் ஓடியது. முகுளத்தில், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு புறப்படும் இடத்தருகே கத்தி வந்தபோதுதான் நின்றது. 1923இல் லம்ஸ்டன் பூனைகளில் செய்த சோதனைகள் பான்ஸின் பங்கைக் காட்டின: பான்ஸின் மேல்பகுதியைத் துண்டித்து, வேகஸ் நரம்புகளையும் வெட்டிவிட்டால், விலங்கு மூச்சை இழுத்தபடியே நெடுநேரம் நின்றுவிடுகிறது; வெளியே விடும் கட்டத்துக்கு மாற முடிவதில்லை.

என்னை இன்றும் வியக்க வைப்பது 1991இல் ஸ்மித், ஃபெல்ட்மன் குழுவினர் வெளியிட்டது. பிறந்து சில நாளே ஆன எலியின் முகுளத்திலிருந்து ஒரு மெல்லிய குறுக்குத் துண்டை வெட்டி, ஆக்சிஜன் ஏற்றிய உப்புக் கரைசலில் வைத்தார்கள். நுரையீரல் இல்லை, ரத்தம் இல்லை, உடலே இல்லை. ஆனாலும் அந்தத் துண்டிலிருந்து நாக்குக்குப் போகும் நரம்பின் வேரில் மூச்சின் தாளம் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. தாளத்தைப் பிறப்பிக்கும் அந்தச் சிறு நியூரான் கூட்டத்துக்குப் ப்ரீ-போட்சிங்கர் தொகுதி என்று பெயர்.

அப்படியென்றால் மூச்சுக்கு ஒரே ஒரு மையம்தானா?

உள்ளிழுக்கும் தாளத்துக்கு அந்தத் தொகுதி அடிப்படை. ஆனால் அது தனியாக வேலை செய்வதில்லை. அமைதியாக இருக்கும்போது மூச்சை வெளியே விட எந்தத் தசையும் உழைக்க வேண்டியதில்லை. விரிந்த நுரையீரல் தானே சுருங்குகிறது. ஓடும்போது வயிற்றுத் தசைகள் காற்றை அழுத்தித் தள்ள வேண்டும். முக நரம்பின் உட்கருவுக்கு அருகே உள்ள இன்னொரு நியூரான் கூட்டம் அப்போது விழித்துக்கொள்கிறது. இழுப்பதிலிருந்து விடுவதற்கு மாறும் கணத்தைப் பான்ஸ் திருத்தமாக அமைக்கிறது. பேசும்போதும் விழுங்கும்போதும் அந்தத் திருத்தம் மிகவும் தேவை.

இந்தத் தாளம் அப்படியே, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசையான உதரவிதானத்துக்கு எட்டிவிடாது. முகுளத்திலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கி, கழுத்தின் 3, 4, 5ஆம் தண்டுவடப் பகுதிகளில் உள்ள நியூரான்களை அடைந்து, அங்கிருந்து உதரவிதான நரம்பு வழியாகப் போகிறது. அந்த மூன்று பகுதிகளுக்கும் மேலே தண்டுவடம் முற்றிலும் அறுபட்டால் மூளைத்தண்டு நன்றாகவே இருந்தும் மூச்சு நின்றுவிடும். கழுத்தில் அடிபட்டவரைத் தலையைத் திருப்பித் தூக்கக் கூடாது என்று வலியுறுத்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆக்சிஜன் குறைவதால்தானே மூச்சு வாங்குகிறது?

பெரும்பாலானோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். நாளும் பொழுதும் மூச்சை ஆள்வது ஆக்சிஜன் அல்ல, கார்பன் டை ஆக்சைடு.

ரத்தத்தில் உள்ள கார்பன் டை ஆக்சைடு மூளைக்குள் எளிதாக ஊடுருவி, நீருடன் சேர்ந்து அமிலமாகிறது. முகுளத்தின் முன்பக்க மேற்பரப்பை ஒட்டியுள்ள நியூரான்கள் அந்த அமிலத்தன்மையை உணர்ந்து, மூச்சின் ஆழத்தையும் வேகத்தையும் கூட்டுகின்றன. தமனி ரத்தத்தில் இந்த வாயுவின் அழுத்தம் வழக்கமாக 40 மி.மீ. பாதரசத்தை ஒட்டியே நிற்கும். 35 முதல் 45 வரை இயல்பு. அது 1 மி.மீ. கூடினாலே ஒரு நிமிடத்தில் நுரையீரலுக்குள் போய்வரும் காற்று 2 முதல் 3 லிட்டர் வரை கூடுகிறது. ஓய்வில் இருப்பவருக்கு அது மொத்தமே நிமிடத்துக்கு 6 லிட்டர் அளவில்தான் இருக்கும் என்பதோடு ஒப்பிட்டால், எவ்வளவு நுட்பமான ஏற்பாடு என்று புரியும்.

ஆக்சிஜனைக் கவனிக்கும் உணர்விகள் மூளைத்தண்டுக்கு வெளியே இருக்கின்றன. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், தாடைக்குக் கீழே இருபுறமும், கரோட்டிட் உறுப்பு என்ற சிறு முடிச்சு உண்டு. அதன் செய்தி நாவடித் தொண்டை நரம்பு வழியாக முகுளத்துக்குப் போகிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த கொர்னே ஹைமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது இந்த ஏற்பாட்டை விளக்கியதற்காகத்தான். ஆனால் தமனி ஆக்சிஜன் அழுத்தம் 60 மி.மீ.க்குக் கீழே இறங்கும்போதுதான் இந்த முடிச்சு உரக்கக் குரல் கொடுக்கிறது. அதற்கு மேலே அது ஏறக்குறைய அமைதியாகவே இருக்கும்.

கார்பன் டை ஆக்சைடின் இடம் எவ்வளவு பெரியது என்பதை மருத்துவ உலகம் 1952இல் கோபன்ஹேகனில் நேரில் கண்டது. போலியோ பரவியபோது, முகுளம் பாதிக்கப்பட்டவர்களின் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் மொத்த அளவு கூடியிருந்தது. அதைக் காரத்தன்மையின் அறிகுறி என்று முதலில் எடுத்துக்கொண்டார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன், போதிய மூச்சு இல்லாததால் அந்த வாயு தேங்குகிறது என்று வாதிட்டார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் கையாலேயே பையை அழுத்திக் காற்றைச் செலுத்தினார்கள். இறப்பு கணிசமாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் தொடக்கங்களில் ஒன்று அது.

ஒருவர் மூச்சை அடக்கியே உயிரை விட முடியுமா?

முடியாது. கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 50 மி.மீ. அளவுக்கு ஏறும்போது பெரும்பாலானோரால் தாங்க முடிவதில்லை. மன உறுதியோடு தொடர்ந்தாலும், நினைவு தப்பிய கணமே முகுளம் தன் வேலையைத் தொடங்கிவிடும்.

தண்ணீருக்குள் கதை வேறு. நீச்சல் தெரிந்தவர்கள் முழுகுவதற்கு முன்பு வேகவேகமாகப் பலமுறை மூச்சு விடுவதைப் பார்க்கலாம். அதனால் உடலில் ஆக்சிஜன் அதிகம் சேர்வதில்லை. கார்பன் டை ஆக்சைடுதான் வெளியேறுகிறது. எச்சரிக்கை மணி அடிப்பது தள்ளிப்போகிறது. மூச்சுத் திணறலே தோன்றாமல் ஆக்சிஜன் தீர்ந்து, நீருக்கடியில் நினைவு தப்பிவிடும். திறமையான, இளம் நீச்சல்காரர்களே இப்படி மாண்டிருக்கிறார்கள். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள், பிள்ளைகளையும் செய்யவிடாதீர்கள்.

நான் நினைத்தால் மூச்சை மாற்ற முடிகிறதே, பிறகு எப்படி அது தன்னியக்கம்?

இரண்டு தனி வழிகள் இருக்கின்றன. பாடும்போதும் ஊதும்போதும் பெருமூளைப் புறணியிலிருந்து வரும் கட்டளை நேராகத் தண்டுவடத்துக்கு இறங்குகிறது. மற்ற நேரமெல்லாம் முகுளத்தின் வழி. பான்ஸின் முன்பகுதி மட்டும் அழிந்த சிலர் முழு நினைவோடு இருந்தும் கண்ணைத் தவிர எதையும் அசைக்க முடியாமல் போகிறார்கள். "ஆழமாக மூச்சு விடுங்கள்" என்றால் அவர்களால் முடியாது. தானாக ஓடும் மூச்சு மட்டும் சீராக ஓடிக்கொண்டிருக்கும். சிரிப்பு வந்தால் மூச்சும் அதற்கேற்ப மாறும். இதற்கு நேர் எதிரான நிலையும் உண்டு. அடுத்த பதில் அதைப் பற்றியது.

தூங்கினால் மூச்சு குறைந்துவிடும் குழந்தைகள் இருக்கிறார்களாமே?

ஆம். பிறவி மைய மூச்சுக் குறைவு என்ற அரிய நோய் அது. 1970இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. காரணமான ஃபாக்ஸ்-2பி என்ற மரபணு 2003இல் அடையாளம் காணப்பட்டது. விழித்திருக்கும்போது பெரும்பாலான குழந்தைகள் ஓரளவு சமாளிக்கிறார்கள். தூங்கியதும் கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டே போனாலும் முகுளம் அசைவதில்லை. குழந்தை திணறுவதும் இல்லை, எழுவதும் இல்லை. பெற்றோருக்கு இதைவிடக் கொடிய அமைதி இருக்க முடியாது. வாழ்நாள் முழுதும் உறக்கத்தில் வென்டிலேட்டரோ உதரவிதான நரம்பைத் தூண்டும் கருவியோ தேவைப்படும். அந்த உதவியோடு பள்ளி, கல்லூரி சென்று வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்த நோயில் மூச்சு மட்டும் கெடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். சில குழந்தைகளுக்குப் பெருங்குடலில் நரம்பணுக்களே இல்லாமல் மலம் தேங்குகிறது. சிலருக்கு இதயத் துடிப்பில் நீண்ட இடைவெளி விழுகிறது. கண்மணி வெளிச்சத்துக்குச் சரியாகச் சுருங்குவதில்லை. வியர்வையும் உடல் வெப்பமும் ஒழுங்கில் இல்லை. கார்பன் டை ஆக்சைடை உணரும் நியூரான்களையும் தன்னியக்க நரம்பு மண்டலத்தின் பெரும்பகுதியையும் கருவில் கட்டமைப்பது ஒரே மரபணு என்பதுதான் காரணம்.

நலமாக இருப்பவருக்கே தூக்கத்தில் மூச்சு மாறுமா?

மாறும். விழிப்பு நிலையே மூச்சுக்கு ஒரு கூடுதல் உந்துதல். ஆழ்ந்த உறக்கத்தில் அது விலகியதும் மூச்சு கிட்டத்தட்ட முழுவதும் கார்பன் டை ஆக்சைடை நம்பியே நடக்கிறது. அந்த அளவு சற்றே இறங்கினாலும் மூச்சு சில நொடிகள் நிற்கலாம். கனவுகள் வரும் உறக்கக் கட்டத்தில் மூளைத்தண்டு உடலின் பெரும்பாலான தசைகளைத் தளர்த்திவிடுகிறது. உதரவிதானத்தையும் கண்ணை அசைக்கும் தசைகளையும் விட்டுவைக்கிறது.

குறட்டையோடு வரும் மூச்சுத் தடை பெரும்பாலும் தொண்டை அடைபடுவதால் வருவது. நெஞ்சு இழுக்க முயன்றுகொண்டே இருக்கும். மூளைத்தண்டு கட்டளை தராமல் வரும் தடையில் அந்த முயற்சியே இருக்காது. சிகிச்சை வேறுபடும் என்பதால் உறக்கப் பரிசோதனை செய்துதான் பிரித்தறிய வேண்டும்.

பெருமூச்சு எதற்கு?

கவலைக்காக மட்டும் அல்ல. ஏறத்தாழ 5 நிமிடத்துக்கு ஒருமுறை நாம் அறியாமலே ஒரு பெருமூச்சு வருகிறது. சுருங்கிப்போன நுரையீரல் நுண்ணறைகளை அது மீண்டும் விரிக்கிறது. அதற்கான கட்டளையைத் தரும் இரண்டு நரம்புப் புரதங்கள் எலிகளில் 2016இல் அடையாளம் காணப்பட்டன.

மூளைத்தண்டு நின்றால் இதயமும் உடனே நின்றுவிடுமா?

இல்லை. இதயத்துக்குச் சொந்தத் தாளம் உண்டு. எந்த நரம்பும் தொடாவிட்டால் அது நிமிடத்துக்கு 100 முறை அளவில் துடிக்கும். ஓய்வில் உங்கள் நாடி 70 என்றால், முகுளத்திலிருந்து வரும் வேகஸ் நரம்பு அதை இடைவிடாமல் பிடித்து நிறுத்திவைத்திருக்கிறது என்று பொருள். எழுந்து நடக்கத் தொடங்கியதும் நாடி ஏறுவதன் முதல் கட்டம் அந்தப் பிடி தளர்வதுதான். இதயத்தை முடுக்கி, ரத்தக் குழாய்களைச் சுருக்கும் பரிவு நரம்புகளின் உந்துதல் சற்றுப் பின்னால் வந்து சேர்கிறது.

எழுந்து நிற்கும்போது ஏன் தலை சுற்றுகிறது?

எழுந்த சில நொடிகளில் அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணர்விகள் குறைவாக நீட்டப்படுகின்றன. முகுளத்தின் பின்பக்கத்தில் உள்ள தனிப்பாதை உட்கருவுக்கு வரும் சமிக்ஞை குறைகிறது. அந்த உட்கரு வழக்கமாக முகுளத்தின் முன்பக்கத்தில் உள்ள ஒரு நியூரான் கூட்டத்தை இன்னொரு இடைக்கூட்டத்தின் வழியே அடக்கி வைத்திருக்கும். சமிக்ஞை குறைந்ததும் அடக்குமுறை தளர்கிறது. முன்பக்கக் கூட்டம் தண்டுவடத்தின் பரிவு நியூரான்களை முடுக்குகிறது. ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, வேகஸின் பிடி தளர்ந்து நாடி ஏறுகிறது. ஓரிரு துடிப்புக்குள் தொடங்கிவிடும் இந்த வேலையை ஒருபோதும் நாம் உணர்வதில்லை. உணர்ந்தால் ஏதோ பிசகியிருக்கிறது.

எழுந்து 3 நிமிடத்துக்குள் மேல் ரத்த அழுத்தம் 20 அல்லது கீழ் அழுத்தம் 10 மி.மீ. இறங்கினால் மருத்துவர்கள் அதைக் கோளாறு எனக் கணக்கில் கொள்கிறார்கள். நீர்ச்சத்துக் குறைவு, ரத்த அழுத்த மாத்திரைகள், நீண்டகாலச் சர்க்கரை நோயால் கெட்ட நரம்புகள் ஆகியவையே பெரும்பாலான காரணங்கள். மூளைத்தண்டே தேயும் நோய்கள் அரிது.

ரத்தத்தைப் பார்த்ததும் மயங்கி விழுகிறவர்கள்?

அதே பின்னல்தான், திடீரெனத் தலைகீழாக வேலை செய்கிறது: வேகஸ் ஓங்கி நாடி இறங்குகிறது, பரிவு உந்துதல் விலகி ரத்தக் குழாய்கள் தளர்கின்றன. படுக்கவைத்துக் கால்களை உயர்த்தினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். பிடித்து நிமிர்த்தி உட்காரவைக்காதீர்கள்.

மூச்சைக் கொண்டு நாடியை மாற்ற முடியுமா?

உங்கள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, ஆழமாக மூச்சு விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது நாடி சற்று விரையும், விடும்போது தணியும். இளையவர்களிடம் இது நன்றாகத் தெரியும். முகுளத்தில் மூச்சின் நியூரான்களும் வேகஸின் நியூரான்களும் அருகருகே இருந்து பேசிக்கொள்கின்றன. உள்ளிழுக்கும் கட்டத்தில் வேகஸின் வாய் அடைக்கப்படுகிறது.

நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற அளவில் இந்த ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாகிறது, ஏனெனில் அழுத்த உணர்விகளின் சுற்றும் ஏறத்தாழ அதே 10 நொடிக் கால அளவில் ஊசலாடுகிறது. எலிகளில் 2017இல் வெளியான ஓர் ஆய்வு, மூச்சுத் தாளத் தொகுதியிலிருந்தே விழிப்பையும் பரபரப்பையும் தூண்டும் பான்ஸ் பகுதிக்கு ஒரு நியூரான் கூட்டம் செய்தி அனுப்புவதைக் காட்டியது. அந்தக் கூட்டத்தை அழித்ததும் எலிகள் சாந்தமாகிவிட்டன. மெதுவான மூச்சு மனத்தை அமைதிப்படுத்துவதற்கு உடலில் ஒரு பாதை உண்டு என்று சொல்ல இது நல்ல காரணம். அதனால் எல்லா நோயும் தீரும் என்று பரப்புவதற்கு இது காரணம் ஆகாது.

வேறு என்னென்ன வேலைகள் இங்கே நடக்கின்றன?

விழுங்கும்போது மூச்சை நிறுத்தி, உணவு மூச்சுக்குழாய்க்குள் போகாமல் காப்பது, இருமல், வாந்தி (ரத்தத்தில் உள்ள நச்சை மோப்பம் பிடிக்க முகுளத்தில் ஒரு சிறு பகுதி காவல் அரண் இல்லாமல் ரத்தத்துக்குத் திறந்திருக்கிறது), வெளிச்சத்தில் கண்மணியைச் சுருக்குவது, சிறுநீர்ப்பை சுருங்கும்போதே அதன் வாய் திறக்கும்படி பான்ஸிலிருந்து ஒத்திசைப்பது. தண்டுவடம் அறுபட்டவர்களுக்குச் சிறுநீர் கழிப்பது கடினமாவது இந்த ஒத்திசைவு எட்டாமல் போவதால்தான்.

வலி மருந்தால் மூச்சு நிற்கும் என்கிறார்களே?

மார்ஃபின் வகை மருந்துகள் மட்டும். மூச்சுத் தாளத் தொகுதியிலும் பான்ஸிலும் இந்த மருந்துகள் ஒட்டும் ஏற்பிகள் நிறைய உள்ளன. அளவு மிஞ்சினால் நினைவு மங்கும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், மூச்சு நிமிடத்துக்குச் சிலவே ஆகும். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. நலாக்ஸோன் என்ற மாற்று மருந்து சில நிமிடங்களில் மூச்சை மீட்கும். ஆனால் அதன் வீரியம் சீக்கிரம் தீர்ந்துவிடுவதால் மீண்டும் மூச்சு குறையலாம். கண்காணிப்பு கட்டாயம். மருத்துவர் தந்த அளவில் எடுத்துக்கொள்ளும் புற்றுநோயாளிகள் இதைப் படித்து மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.

மூளைத்தண்டுப் பக்கவாதம் எப்படித் தெரியும்?

கைகால் விழுவதை மட்டும் எதிர்பார்த்தால் தவறவிடுவீர்கள். முகுளத்தின் பக்கவாட்டில் ரத்தம் நின்றால் கைகால் பலம் அப்படியே இருக்கும். கடுமையான தலைச்சுற்றல், விழுங்க முடியாமை, குரல் கரகரப்பு, விடாத விக்கல், முகத்தின் ஒரு பக்கமும் உடலின் மறுபக்கமும் சூடு தெரியாமல் போவது ஆகியவை அதன் அடையாளங்கள். சாதாரண வாந்தி மயக்கம் என்று வீட்டிலேயே பொறுத்திருப்பவர்கள் பலர்.

தலைக்குள் அழுத்தம் ஏறி மூளைத்தண்டு நசுங்கும்போது ரத்த அழுத்தம் ஏறும், நாடி இறங்கும், மூச்சு தாறுமாறாகும். ஹார்வி குஷிங் 1901இல் விவரித்த இந்த மூன்றும் சேர்ந்து தெரிந்தால் நேரம் மிகக் குறைவு.

குறைமாதக் குழந்தைக்கு ஏன் கஃபீன் தருகிறார்கள்?

மூளைத்தண்டு முதிராததால் அந்தக் குழந்தைகளின் மூச்சு 20 நொடியோ அதற்கு மேலோ நின்றுபோகலாம். நாடியும் கூடவே இறங்கும். கஃபீன், மூச்சை அடக்கும் அடினோசின் என்ற வேதிப்பொருளைத் தடுத்து முகுளத்தைத் தூண்டுகிறது. வளர வளரப் பெரும்பாலான குழந்தைகளுக்கு இது சரியாகிவிடும்.

நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடல் சூடாக இருக்கிறது. எப்படி மூளைச்சாவு என்கிறார்கள்?

கேட்பவரின் வேதனை புரிகிறது, நேரடியாகவே சொல்கிறேன். நெஞ்சை ஏற்றி இறக்குவது வென்டிலேட்டர். இதயம் தன் சொந்தத் தாளத்தில் துடிக்கிறது, அதனால்தான் சூடு. மருத்துவர்கள் மூளைத்தண்டின் ஒவ்வொரு மட்டத்தையும் சோதிக்கிறார்கள்: கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, கருவிழியைத் தொட்டால் இமை மூடுகிறதா, காதில் குளிர்ந்த நீர் விட்டால் கண் நகர்கிறதா, தொண்டையைத் தொட்டால் ஓங்கரிப்போ இருமலோ வருகிறதா. கடைசியாக, ஆக்சிஜனை மட்டும் கொடுத்துக்கொண்டே வென்டிலேட்டரை விலக்கிக் கார்பன் டை ஆக்சைடை 60 மி.மீ. வரை ஏறவிடுகிறார்கள். உயிருள்ள முகுளம் எதையும்விட உறுதியாகப் பதில் சொல்லும் தூண்டுதல் அது. அதற்கும் ஒரு மூச்சு கூட வரவில்லை என்றால், அந்த மனிதர் மீள மாட்டார். ஆழ்மயக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்தச் செயல்கள் சிலவாவது மிஞ்சியிருக்கும், இரண்டும் ஒன்றல்ல. சந்தேகம் இருந்தால் எந்தச் சோதனை எப்போது செய்யப்பட்டது, என்ன விளைவு என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

எதற்கெல்லாம் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

திடீரென வரும் தலைச்சுற்றலோடு விழுங்க முடியாமையோ, இரட்டைப் பார்வையோ, குழறலோ, நடை தடுமாற்றமோ சேர்ந்தால். எழுப்பியும் எழாதவரின் மூச்சு மிக மெதுவாகவோ ஒழுங்கற்றோ இருந்தால். தலையில் அடிபட்டவர் வர வர மந்தமானால். தூக்கத்தில் மூச்சு நிற்பதைப் பக்கத்தில் படுப்பவர் கவனித்திருந்தால் அவசரம் இல்லை, ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம்; முடிந்தால் அதைக் கைப்பேசியில் படம்பிடித்து எடுத்துச் செல்லுங்கள், மருத்துவருக்கு மிகவும் உதவும்.